கழுத்து சுத்தம் என்றால் புற்று பரவவில்லை என்றுதானே பொருள்?

கேள்வி: 4 பிப்ரவரி, இரவு 9.40, தேவகோட்டை வாசகர்

அப்பச்சிக்கு வயது 63. வலது கன்னத்தின் உட்புறம் புற்று. சென்ற ஆண்டு அறுவை சிகிச்சை செய்து, கழுத்து நெறிகளையும் (நிணநீர்க் கணுக்கள்) சேர்த்து எடுத்தார்கள். பிறகு கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். எடுத்த நெறிகளில் ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது மோவாய் மரத்திருக்கிறது என்கிறார். கழுத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமில்லை. வாய்ப்புற்று பரவினால் கழுத்துக்குத்தான் முதலில் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கழுத்து சுத்தம் என்றால் பரவவில்லை என்றுதானே பொருள்? வீட்டில் இதில் இரண்டு கட்சி. ஆச்சி வந்து தீர்த்து வைக்க வேண்டும்.

4 பிப்ரவரி, இரவு 10.55

பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். எல்லோருக்கும் அல்ல.

மரத்துப்போனது எப்போதிலிருந்து, தம்பி? அறுவை முடிந்து கண் விழித்த அன்றே மரத்திருந்ததா, இடையில் நன்றாக இருந்து புதிதாக வந்ததா? தாடை எலும்பை எவ்வளவு வெட்டினார்கள்? முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள். சத்து மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

5 பிப்ரவரி, காலை 6.15

நான் மருத்துவர் அல்ல. ஒரு பெரிய மருத்துவமனையின் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது காரைக்குடி வாசம். தியேட்டரில் வெட்டி எடுப்பதெல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். கழுத்திலிருந்து எடுத்தது என்றால் மஞ்சள் கொழுப்புப் பட்டை ஒன்று ஃபார்மலினில் ஊறி விறைத்துப்போய் வரும். ஒழுங்கான சர்ஜன் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தனித்தனி டப்பாவில் எண் எழுதி அனுப்புவார். எங்கள் மருத்துவர் மெல்லிய துண்டுகளாக நறுக்கி, கொழுப்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே போவார். கொழுப்பு நழுவிவிடும், நெறி நழுவாமல் கெட்டியாக நிற்கும். மூன்று மில்லிமீட்டர் நெறியையும் விடக்கூடாது. நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேசட்டில் (திசுத் துண்டு வைக்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி) போட்டு எண் குறிப்பேன். ஃபார்மலின் நெடியில் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருக்கும். 'இத்தனை நெறிகளில் ஒன்றிலும் இல்லை' என்று உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் வரி இப்படித்தான் பிறக்கிறது.

அந்த வரி பொய்யல்ல. எடுத்த நெறிகளில், வெட்டிப் பார்த்த இடத்தில் இல்லை என்று சொல்கிறது. நெறி வழியாகவே போகாத புற்றைப் பற்றி அந்த வரிக்கு ஒன்றும் தெரியாது.

கழுத்து நெறிகளுக்கு எண் உண்டு. தாடைக்கும் மோவாய்க்கும் கீழே ஒன்று. கழுத்துப் பெருநரம்பையொட்டி (உண்மையில் அது ரத்தக்குழாய், ஊரில் அப்படித்தான் சொல்கிறோம்) மேலிருந்து கீழாக இரண்டு, மூன்று, நான்கு. பின்பக்கம் ஐந்து. வாய்ப்புற்று பொதுவாக ஒன்று, இரண்டு, மூன்றில்தான் நிற்கும். அதனால்தான் கழுத்தில் கட்டி தெரியாத வாய்ப்புற்றுக்கு அந்த மூன்றை மட்டும் எடுக்கும் வழக்கம் வந்தது.

நம் வீடுகளை வைத்துச் சொன்னால் எளிது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி. வந்தவர் முகப்பைத் தாண்டாமல் வளவுக்கு வர முடியாது, வளவைத் தாண்டாமல் இரண்டாங்கட்டுக்குப் போக முடியாது. புற்றும் இப்படிக் கட்டு கட்டாகத்தான் உள்ளே போகும் என்பது பொது விதி. ஆனால் வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து இருக்கிறதே! பழகியவன் சந்து வழியாக நேரே அடுப்படிக்குப் போய்விடுவான். முகப்பில் உட்கார்ந்திருப்பவர் யாருமே வரவில்லை என்று சத்தியம் செய்வார்.

5 பிப்ரவரி, காலை 8.30

கானாடுகாத்தான்காரர் கேட்கிறார்: 'எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எங்களுக்கு எப்படிப் பரவும்?' உங்கள் வீட்டுக்குள் நுழைந்த புற்று வழி தெரியாமல் தானே திரும்பிப் போய்விடும், கவலைப்படாதீர்கள்.

5 பிப்ரவரி, மாலை 4.10

கட்டு தாண்டிப் போவது என்று காலையில் எழுதியதை அப்படியே விட்டால் நாக்குப் புற்றுக்காரர்கள் பயந்துவிடுவார்கள், அல்லது பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்துவிடுவார்கள். நாக்கின் நிணநீர்க்குழாய்களில் சில தாடைக்கடியில் நிற்காமல் நேரே கழுத்தின் அடிப்பகுதிக்கு இறங்குகின்றன. அதனால் ஒன்று, இரண்டு, மூன்று சுத்தமாக இருக்க, நான்கில் மட்டும் புற்று இருப்பது உண்டு. இதைத் தாவிப் பரவுதல் என்பார்கள். அடிக்கடி நடப்பதல்ல, ஆனால் நாக்கு என்றால் நான்கையும் சேர்த்து எடுக்கலாமா என்று சர்ஜன்கள் வாதாடும் அளவுக்கு நடக்கிறது.

பக்கம் மாறுவதும் உண்டு. நாக்கின் அடி, வாயின் தரை, உள்நாக்கைச் சுற்றிய மென் அண்ணம் எல்லாம் நடுக்கோட்டு உறுப்புகள். அங்கே வலம் இடம் என்ற வேலி கிடையாது, இரண்டு பக்கக் கழுத்துக்கும் போகும். ஏற்கெனவே ஒரு பக்கம் அறுத்து, கரண்டும் வைத்திருந்தால் நிணநீர் போக வழியில்லாமல் எதிர்ப்பக்கம் திரும்பும். அப்படித் திரும்பி எதிர்ப்பக்கக் கழுத்திலும், எப்போதாவது அக்குளிலும்கூடக் கட்டி வந்ததைப் பார்த்திருக்கிறோம். அக்குளில் எடுத்த துண்டில் வாய்ப்புற்று தெரிந்த அன்று, டப்பா மாறிவிட்டதோ என்று பதிவேட்டைப் புரட்டிய புரட்டலில் பாதி நாள் போயிற்று. மாறவில்லை.

5 பிப்ரவரி, இரவு 9.20, தேவகோட்டை வாசகர்

தாடை எலும்பின் மேல் விளிம்பை மட்டும் செதுக்கினார்கள். அறுவைக்குப் பிறகு மோவாயில் உணர்வு இருந்தது, சவரம் செய்யும்போது பிளேடு பட்டால் தெரியும். பொங்கலுக்குப் பிறகுதான் மரத்தது. இப்போது காதுக்கு முன்னால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கம்பவுண்டர் ஒருவர் பி12 குறைவு என்கிறார்.

5 பிப்ரவரி, இரவு 10.05

உடனே உங்கள் சர்ஜனிடம் போங்கள். அடுத்த மாதச் செக்கப் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஏன் என்பதைக் காலையில் எழுதுகிறேன்.

6 பிப்ரவரி, காலை 5.50

முகத்துக்கு உணர்வு தருவது ஐந்தாம் மண்டை நரம்பு. அதன் மூன்றாவது கிளை மண்டையோட்டின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே வந்து, கீழ்த்தாடை எலும்புக்குள் புகுந்து, கடைவாய்ப் பல் வரிசைக்கடியில் ஓடி, மோவாய்க்குப் பக்கத்தில் இன்னொரு துளை வழியாகத் தோலுக்கு வருகிறது. மோவாய் மரத்தது என்றால் இந்தக் கம்பியில் எங்கோ கோளாறு. புற்று அந்த நரம்பின் உறையைப் பற்றிக்கொண்டு மேல்நோக்கி ஏறும். வெளியே கட்டி கிடையாது, நெறி கிடையாது, வலிகூட முதலில் இருக்காது. மரத்துப்போவதும் எறும்பு ஊர்வதும்தான் அது விட்டுச்செல்லும் தடயம். மேலே ஏறி அந்தத் துளையைத் தாண்டினால் மண்டையோட்டுக்குள் போய்விடும். நான் சொன்ன சந்து இதுதான்.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'நரம்பைச் சுற்றிய ஊடுருவல்: இருக்கிறது / இல்லை' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். ஆனால் அதையும் இதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வரி, பெயரில்லாத சின்ன நரம்புகளைச் சுற்றி நுண்ணோக்கியில் தெரிவதைப் பற்றியது. இருந்தால் கரண்ட் வைக்கும் முடிவுக்கு அதுவும் ஒரு காரணம். பெயருள்ள பெரிய நரம்பைப் பிடித்து மேலே ஏறுவது வேறு. அதை ஸ்கேனில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயங்களை வீட்டிலேயே பாருங்கள். அப்பச்சியை விளக்குக்கு நேராக உட்காரவைத்து மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லுங்கள். மோவாய் நேராக இறங்குகிறதா, வலப்பக்கம் கோணிக்கொண்டு இறங்குகிறதா? பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லி இரண்டு நெற்றிப்பொட்டிலும் கை வையுங்கள். தசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திரண்டு வருகிறதா, ஒரு பக்கம் குழிந்திருக்கிறதா? மெல்லும் தசைகளுக்கும் அதே மூன்றாவது கிளைதான் ஆணையிடுகிறது. அறுவையே செய்த பக்கம் என்பதால் கோணல் அதனாலும் வரலாம்; முன்பு எடுத்த போட்டோ இருந்தால் ஒப்பிட்டு, இருப்பதை இருப்பதாக மருத்துவரிடம் சொல்லுங்கள்.

6 பிப்ரவரி, பகல் 12.30

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் நானே தீர்ப்பு எழுதிய மாதிரி இருக்கிறது. தீர்ப்பு இல்லை. கரண்ட் வைத்த தாடை எலும்பு சில சமயம் உள்ளுக்குள்ளே செத்துப்போகும். அப்போதும் மோவாய் மரக்கும், பல் ஆடும், எலும்பு வெளியே தெரியும். பல்லடியில் சீழ் பிடித்தாலும் மரக்கும். எது என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும், அதற்குத்தான் போகச் சொல்கிறேன். பி12 குறைந்தால் கால் விரல்களில் தொடங்கி இரண்டு பக்கமும் மரக்கும். வலது மோவாயை மட்டும் பொறுக்கி எடுக்க அதற்கு என்ன பகை?

எங்கள் தெருவில் ஓர் அம்மாவுக்கு மோவாய் மரத்தபோது, பல்செட் அழுத்துகிறது என்று சொல்லிச் செட்டை ராவினார்கள். பிறகு புதுச் செட் கட்டினார்கள். மூன்றாவது செட்டுக்கு அளவெடுக்கும்போதுதான் யாரோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அவருக்கு மார்பகப் புற்று தாடை எலும்புக்கு வந்திருந்தது. வாயில் எந்த நோயும் இல்லை.

6 பிப்ரவரி, இரவு 8.45

'பெட் ஸ்கேன் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாதா?' என்று ராங்கியம்காரர்.

தெரியாது. பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடத்தைக் காட்டும். மூளையும் சர்க்கரையை அள்ளி உறிஞ்சுவதால் மண்டையோட்டு அடியில் எப்போதும் வெளிச்சம்தான். அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மெல்லிய நரம்பு ஒன்று தடித்திருந்தால் கண்ணுக்குப் படாது. நரம்புக்கு எம்.ஆர்.ஐ., அதுவும் மருந்து ஏற்றி, கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுப்பது. சீட்டில் 'முகம், மண்டையோட்டு அடி. மோவாய் மரத்திருக்கிறது' என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். வெறுமனே 'கழுத்து எம்.ஆர்.ஐ.' என்று போனால், பார்ப்பவர் கழுத்தைப் பார்ப்பார், நெறி இல்லை என்று எழுதுவார், நாம் முதல் வரிக்கே திரும்பி வந்துவிடுவோம்.

8 பிப்ரவரி, மாலை 6.00

தேவகோட்டைத் தம்பி ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிட்டதாகத் தனியே எழுதியிருக்கிறார். நல்லது.

இடைவெளியில் என் அம்மான் கதை. அவருக்கு மேல் அண்ணத்தில் கட்டி. வெற்றிலை, புகையிலை, சுருட்டு எதுவும் தொடாத மனிதர். உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்ட் சிஸ்டிக் வகை அது. நரம்பைப் பிடித்து நகர்வதில் அதற்கு நிகர் கிடையாது. கழுத்து நெறிக்கு அபூர்வமாகத்தான் போகும். வெட்டி எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், கழுத்து கடைசி வரை சுத்தம். ஆண்டுகள் ஓடின. நாங்கள் மறந்தே போனோம். ஒருமுறை இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு நுரையீரலிலும் வட்ட வட்டமாக உருண்டைகள். அவருடைய பழைய ஸ்லைடைத் தேடி எடுத்து, நுரையீரலில் எடுத்த துண்டைப் பக்கத்தில் வைத்தார்கள். அதே சல்லடைக் கண் அமைப்பு.

இது ரத்தத்தின் வழியாகப் போவது. சாதாரண வாய்ப்புற்று முதலில் கழுத்தை நிறைத்து, அதற்கப்புறம்தான் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். எலும்பும் கல்லீரலும் அதற்குப் பின்னால். இந்த வகை கழுத்தைத் தொடாமலே போகிறது. இதில் ஒரு விசித்திரமும் உண்டு: போன இடத்தில் மிக மெதுவாகத்தான் வளரும். அம்மான் அந்த உருண்டைகளோடு பேத்தி கல்யாணம் பார்த்தார், பிள்ளையார்பட்டியில் நின்று கொழுக்கட்டை வாங்கினார், பங்காளிகளோடு வாய்க்கால் வரப்புச் சண்டையும் போட்டார். 'நுரையீரலுக்கு வந்துவிட்டது' என்ற ஒரே வாக்கியத்துக்கு எல்லாப் புற்றிலும் ஒரே பொருள் இல்லை என்று நான் படித்தது அவரிடம்தான்.

9 பிப்ரவரி, காலை 7.10

எதிர்பார்த்தேன். 'புகையிலை தொடாதவருக்கே வருகிறதே, பிறகு எதற்கு வெற்றிலைப் பெட்டியைக் குறை சொல்கிறீர்கள்?' அம்மானுக்கு வந்தது வேறு நோய் என்று எழுதியிருக்கிறேனே! கன்னப் புற்றின் கதை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்க்காத தாம்பூலமும், வெறும் பாக்கும்கூட மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. பழி பாக்கின் மேல். வெற்றிலை பாவம், கூட நின்று பெயர் கெட்டது.

கல்யாணத்தில் ஒருமுறை போடுவதற்கு நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்குகிறார்களே, அவர்களுக்குச் சொல்கிறேன். கையின் நடு மூன்று விரல்களையும் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மூன்று விரல் போகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதே வெற்றிலைக்காரர்களிடம் இன்னொரு குழப்பமும் வரும். வலது கன்னத்தில் ஆறி, இரண்டு வருடம் கழித்து இடது கன்னத்திலோ உணவுக்குழாயிலோ வந்தால் பரவிவிட்டது என்கிறோம். பல நேரம் அது புதுப் புற்று. முழு வாய்த்தோலும் அதே பாக்குச் சாற்றில்தான் ஊறியிருக்கிறது. ஸ்லாட்டர் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1953-இலேயே இதை எழுதிவிட்டார்கள். பரவியதற்கு ஒரு சிகிச்சை, புதிதாக முளைத்ததற்கு இன்னொன்று. அதனால் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

11 பிப்ரவரி, இரவு 9.00

தலைகீழாகவும் யோசியுங்கள். கழுத்தில் கட்டி இருந்தால் அது வாய், தொண்டையிலிருந்துதான் வந்தது என்றும் இல்லை. இடது காறை எலும்புக்கு மேலே குழியில் வரும் நெறி வயிற்றிலிருந்து வந்ததாக இருக்கலாம். உடம்பின் பெரிய நிணநீர்க்குழாய் அந்த இடத்தில்தான் ரத்தத்தில் கலக்கிறது. ஃபிர்கோ என்ற ஜெர்மன் மருத்துவர் 1848-இலேயே சொன்னது இது. சிறுநீரகப் புற்று ஈறில் வந்து ரத்தம் கசியும் சதையாக நிற்பதும் உண்டு.

நம் ஊரில் கழுத்துக் கட்டி என்றாலே டி.பி. என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். டி.பி. நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாற்பது தாண்டியவருக்கு, நீர் கோத்த கட்டி, ஊசிப் பரிசோதனையில் கலங்கல் நீர் மட்டும் வந்தது என்றால் அதோடு விடக்கூடாது. டான்சிலிலும் நாக்கின் அடியிலும் ஒளிந்திருக்கும் சின்னப் புற்று இப்படி நீர்க்கட்டியாகக் கழுத்தில் தலை காட்டும். தைராய்டுப் புற்றும் அப்படித்தான். கழுத்துப் பக்கவாட்டில் தைராய்டுத் திசு இருந்தால் 'வழி தவறி வளர்ந்த தைராய்டு' என்று ஒரு காலத்தில் பெயர் வைத்திருந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை நெறிக்குப் பரவிய தைராய்டுப் புற்று என்று பிறகு தெரிந்தது.

12 பிப்ரவரி, காலை 6.40

உணவு செலுத்த வயிற்றில் டியூப் போடச் சொல்லியிருக்கிறார்கள், அந்த வழியாகப் புற்று இறங்கும் என்று படித்தேன், போடலாமா என்று ஒருவர். வாய் வழியாக டியூபை இழுத்து வயிற்றில் வெளியே எடுக்கும் முறையில், தொண்டைக் கட்டியை உரசிக்கொண்டு போகும் டியூப் சில செல்களை வயிற்றுத் தோலில் விட்டுவிடுவது நடந்திருக்கிறது. மிக அபூர்வம். பட்டினி கிடந்து இளைத்தவருக்கு எந்தச் சிகிச்சையும் தாங்காது, அது அபூர்வம் அல்ல. டியூபைப் போடுங்கள். வாயைத் தொடாமல் வயிற்றிலிருந்தே போடும் முறை அங்கே உண்டா என்று கேளுங்கள். டியூப் ஓரத்தில் சதை வளர்ந்தால் புண் என்று களிம்பு தடவாமல் காட்டுங்கள்.

15 பிப்ரவரி, இரவு 8.15, தேவகோட்டை வாசகர்

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. வலது பக்கம் மூன்றாவது கிளை தடித்து, மருந்தை உறிஞ்சுகிறது. மண்டையோட்டுத் துளை வரைக்கும் வந்திருக்கிறது, உள்ளே போகவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். கழுத்தில் நெறி இல்லை. நெற்றிப்பொட்டுத் தசை குழிந்திருப்பதை ஆச்சி சொன்ன பிறகுதான் கவனித்தோம். புதன்கிழமை எல்லா மருத்துவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம். சென்னையிலும் ஒருமுறை கேட்கலாம் என்று நினைக்கிறோம். அப்பச்சியிடம் என்ன சொல்வது?

15 பிப்ரவரி, இரவு 9.30

அவர்தான் முதலில் உங்களிடம் சொன்னார், மோவாய் மரத்திருக்கிறது என்று. அவரிடம் மறைக்க என்ன இருக்கிறது? நரம்பு வழியாக ஏறியிருக்கிறது, உள்ளே போகவில்லை, அடுத்து என்ன என்று பேசப்போகிறார்கள், இவ்வளவையும் சொல்லுங்கள்.

புதன்கிழமை கேட்க வேண்டியது: முன்பு வைத்த கரண்ட் எந்த இடம் வரை போனது, துளைப் பக்கம் எவ்வளவு விழுந்தது? மறுபடி வைக்க இடம் இருக்கிறதா என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. அறுக்க முடியுமா? முடியாது என்றால் மருந்தா, இரண்டும் சேர்த்தா? எதைச் செய்தால் அவர் வாயால் சாப்பிடுவது எவ்வளவு காலம் தொடரும் என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள்.

16 பிப்ரவரி, காலை 7.00

சென்னைக்குப் போவதென்றால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. அறுவை செய்த மருத்துவமனையின் நோய்க்கூறியல் ஆய்வகத்தில் எழுதிக்கொடுத்து ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்குகளையும் (திசுத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டிகள்) வாங்குங்கள். பிளாக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேளுங்கள், தருவார்கள். முதல் பயாப்சி எண்ணையும் அறுவைத் துண்டின் எண்ணையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு எல்லாம் கொடுத்தாயிற்று என்பார்கள். கரண்ட் வைத்த இடத்தில் திட்ட விவரத்தை சிடியில் கேளுங்கள். ஸ்கேனும் ஃபிலிம் மட்டுமல்ல, சிடியாகவும் வேண்டும்.

பல்லவன் ரயிலில் போகிறீர்கள் என்றால் ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே பரணில் வேண்டாம். காரில் போனால் மெழுகு பிளாக்கை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு சாப்பிட இறங்காதீர்கள். உருகி ஒட்டிக்கொண்டு வந்த பிளாக்கை நான் பிரித்திருக்கிறேன், திட்டிக்கொண்டே.